குவளையின் அடியில் ஒரு படம்

ஆம்பெர்க் ஊரில் லோரென்ஸ் ஐக்னர் புகைபோக்கி சுத்தம் செய்பவர். அந்தத் தொழிலில் ஒரு சௌகரியம், எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். கரிக்கையோடு அடுப்படிக்குப் போகிறவரின் கண் மட்டும் அலமாரியின் மேல்தட்டில் மேயும். ஜெர்மன் பேரரசர் கைசர் காலத்தில் பட்டாளச் சேவை முடித்தவர்கள் நினைவுக்குச் செய்துகொண்ட பீர்க்குவளைகள் அங்கேதான் இருக்கும். படைப்பிரிவின் படம், சொந்தப் பெயர், கூட இருந்தவர்களின் பெயர்கள், சிப்பாய் பொம்மை வைத்த ஈயமூடி. விலை பேசாமல் லோரென்ஸ் அந்த வீட்டை விட்டு நகரமாட்டார்.

குவளையின் அடிப்பாகம் மெல்லிய பீங்கான். அதில் ஒரு படம் ஒளிந்திருக்கும்; காலிக் குவளையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால்தான் தெரியும். லோரென்ஸ் எதை வாங்கினாலும் முதலில் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். அம்மணப் பெண் தெரிந்தால் போலி. "கைசர் அவ்ளோ தாராள மனசுக்காரர் இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"உன் பட்டாளத்துக்குத் தூசி தட்டியே என் இடுப்பு போச்சு. ஒருத்தனாவது எறங்கி வந்து விறகு பொளக்கறானா?" என்பாள் மனைவி ரோசினா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் மகன் வெண்டெலின் கட்டாய ராணுவச் சேவையில் இருந்தான். அவன் கூட்டத்துப் பையன்களும் பழைய வழக்கப்படி ஆளுக்கொரு குவளை சொல்லி வைத்தார்கள். ஓவியரிடம் பேசும் வேலையை லோரென்ஸ் பிடுங்கிக்கொண்டார். மகனுடைய குவளைக்கு மட்டும் அடிப்படத்தை அவரே தேர்ந்தெடுத்தார். மூட்டையைத் தோளில் போட்டபடி மகன் வருகிறான், கையை விரித்து வாசலில் அம்மா நிற்கிறாள். ரோசினாவிடம் மூச்சு விடவில்லை. பார்த்ததும் அவள் அசந்து போகவேண்டும்.

வீடு திரும்ப மூன்று வாரம் இருக்கும்போது பயிற்சிக்குப் போன லாரி கவிழ்ந்து வெண்டெலின் செத்துப்போனான்.

புகைபோக்கிக்காரரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று தெருவில் அவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு போனவர்கள், இப்போது அவரைக் கண்டதும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். என்ன ஜனங்களோ!

குவளையை வேண்டாம் என்று சொல்ல லோரென்சுக்குத் தோன்றவே இல்லை. சேவை முடிந்து வந்த குவிரின், வெண்டெலினின் சிநேகிதன், அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

"ஐக்னரம்மா, இது அவனோடது. எங்க எல்லார் குவளையிலயும் அவன் பேரு இருக்கு."

ரோசினா அந்தப் பெயரை விரலால் தடவினாள். பிறகு, புருஷன் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள், குவளையை ஜன்னல் பக்கம் தூக்கப் போனாள். லோரென்சுக்கு உயிரே போய்விட்டது.

"இரு, இரு! காலியா வைக்கக் கூடாது" என்று பிடுங்கி, கைக்குக் கிடைத்த பீர்ப் பாட்டிலைத் திறந்து நுரை வழிய ஊற்றினார். அலமாரிக் குவளைகளில் ஒரு சொட்டுப் படவிடாத மனுஷன்.

"யாருக்கு ஊத்தற?"

"அவனுக்கு."

"அப்ப நான் குடிக்கிறேன்."

"நீதான் பீர் குடிக்கமாட்டியே! வேணாம் ரோசினா... போதும், மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு மட்டும் யாரு வரப்போறா?"

நிறுத்தி நிறுத்திக் குடித்தாள். முழுவதும் குடித்து, வாயைத் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

"நீதான் வரையச் சொன்னியா?"

ஆமென்று தலையாட்டினார்.

"இவ கொடுத்து வெச்சவ" என்றாள் ரோசினா.

குவிரின் நிற்பதையும் மறந்து லோரென்ஸ் வாய்விட்டு அழுதார். அவள் குவளையை இன்னும் இறக்கவில்லை.