என்னை மந்திரி ஆக்கிய மேனேஜர் அம்மா

சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி அது. ஒரு கால் வளைந்திருக்கும். உட்கார்ந்தால் இடது பக்கம் சாயும். மலை மேலிருந்த எங்கள் சாமை மில்லில் மொத்தமே இரண்டு நாற்காலிகள்தான். ஒன்றில் மேனேஜர் அம்மா உட்காருவார். இன்னொன்று கீழே இருந்து வரும் பெரியவர்களுக்கு. ஒரு நாள் காலை, வேலை தொடங்குவதற்கு முன், அவர் அந்த இரண்டாவது நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுத்துப் போட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "அண்ணா, இனிமே உங்க இடம் இதுதான். உக்காருங்க" என்றார். மிஷின் துடைக்கிற துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். சாமை சலிக்கிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் உட்கார்ந்தேன், நாற்காலி சாய்ந்தது, பொத்தியிருந்த சிரிப்பெல்லாம் வெளியே வந்துவிட்டது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் கூடினால் கடைசியில் நிற்பவன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட எனக்காகப் பேசியது என் மாமாதான். மில்லில் என் வேலை மிஷின் ஓட்டுவது. சாமையின் உமியை நீக்குகிற அந்த மிஷினின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதால் எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. அப்படிப்பட்டவனைத்தான் அந்த அம்மா தனக்கு மந்திரி என்று சொல்லி உட்காரவைத்தார். ஏன் என்னை என்று இத்தனை வருடம் யோசித்தும் எனக்குத் தெளிவாகவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று எழுதுகிறேன்.

சாமை விதைக்கிற மலைக் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய கம்பெனி அது. பணம் போட்டதும் மேனேஜரை அனுப்பியதும் கீழே இருந்த ஒரு நிறுவனம். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர் மேனேஜர் அம்மா. என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர். நிர்வாகம் படித்தவர். ஆனால் படித்த படிப்பைவிட அவருக்குப் பழைய காலத்துப் பெரியவர்கள் ராஜாக்களுக்குச் சொன்ன புத்திமதிகளில்தான் பிடிப்பு அதிகம். ராஜ்ஜியம் நடத்தச் சொன்னதெல்லாம் கம்பெனி நடத்தவும் பொருந்தும் என்பார். தடித்த நோட்டு ஒன்றில் அதையெல்லாம் எழுதிவைத்திருந்தார். தினமும் காலையில் பத்து நிமிடம் அதிலிருந்து ஒன்றைச் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும்.

ஒரு நாள், ஒரு அரசுக்கு ஏழு உறுப்புகள் என்று சொன்னார். ராஜா, மந்திரி, நாடு, கோட்டை, கஜானா, படை, நட்பு. சாமை விதைக்கிற குடும்பங்கள்தான் நாடு, குடோன்தான் கோட்டை, வாங்குகிற கடைக்காரர்கள் நட்பு, சலிக்கிற பெண்கள் படை என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். என் கொழுந்தியாளும் அங்கே சலிக்கிற வேலையில் இருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, கோட்டையில எலி பூந்துட்டுக் கீது. படை இன்னா பண்ணணும், கத்தி எடுத்துக்கினு போவணுமா?" என்றாள். எல்லாரையும்விட மேனேஜர் அம்மாதான் அதிகம் சிரித்தார். அன்று மதியமே நாலு எலிப்பொறி வந்து இறங்கியது.

அவர் சொன்னதில் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ராஜா தினமும் ஒரு நேரம் குறித்து, குடிகள் சொல்வதை நேரில் கேட்க வேண்டும் என்று நோட்டில் இருந்ததாம். அதன்படி தினமும் டீ நேரத்தில் பெண்களோடு வந்து உட்கார ஆரம்பித்தார். உமித் தூசியால் கண் எரிகிறது என்று அங்கேதான் முதன்முதலில் ஒருத்தி வாய் திறந்து சொன்னாள். மறுநாளே சலிக்கிற மேடையைக் காற்று போகிற பக்கம் மாற்றிப் போட்டோம். அதற்கு முன் இருந்த மேனேஜருக்கு அந்த மேடை எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரிந்திருக்காது.

என்னை மந்திரி ஆக்கியதும் அந்த நோட்டைப் பார்த்துத்தான். கூடவே இருந்து, தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒருவன் இல்லாத ராஜா, எதிரி இல்லாமலே கெட்டுப்போவான் என்று அதில் இருந்ததாம். "இவரு யாரையும் புகழ்ந்து பேசி நான் பார்த்ததில்லை. பெல்ட்டு ரெண்டு நாளுல அறுந்துடும்னு அன்னைக்கு ஒரு தடவைதான் சொன்னாரு. ரெண்டு நாளுல அறுந்துச்சு" என்று எல்லாரிடமும் காரணம் சொன்னார். நான் யாரையும் புகழாததற்குக் காரணம் வேறு. எனக்கு யாரிடமும் எதுவுமே பேச வராது. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. அன்றிலிருந்து எந்த முடிவு எடுத்தாலும் என் பக்கம் திரும்பி, "இது தப்புன்னா சொல்லுங்கண்ணா" என்பார். சாக்கு எங்கே அடுக்குவது, வேலைக்கு யாரைச் சேர்ப்பது, எல்லாவற்றுக்கும். நான் தரையைப் பார்ப்பேன். தப்பில்லை என்று எடுத்துக்கொண்டு எழுந்து போவார். கொழுந்தியாள் வீட்டு வாசலில் என்னைப் பார்த்தாலே, "மந்திரி மாமா, இன்னைக்கு ராஜ்ஜியத்துல மழ உண்டா?" என்று கேட்பாள்.

அந்த வருடம் புதுச் சாமை வீடு வந்து சேர்ந்த சமயத்தில்தான் அது நடந்தது. பெரிய கடை ஒன்று ஒரு லாரி புதுச் சாமை அரிசி கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் லாரி கிளம்ப வேண்டும். பணம் போட்ட நிறுவனத்துப் பெரியவர்கள் ஏற்கெனவே மில்லை மலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த லாரி நேரத்துக்குப் போனால் மில் மலையிலேயே இருக்கும், தவறினால் மிஷினைக் கீழே செங்கம் பக்கம் இறக்கிவிடுவார்கள் என்று மேனேஜர் அம்மா எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார். மில் போனால் பெண்களின் வேலையும் போகும் என்பது எங்களுக்கு அவர் சொல்லாமலே தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமையை முதலில் சாமிக்குப் பொங்கிப் படைக்காமல் யாரும் உரலில் போட்டுக் குத்த மாட்டோம், வாயிலும் வைக்க மாட்டோம். படைக்கிற நாளை ஊர்க் கவுண்டர் குறித்துச் சொல்வார். மில் வந்த பிறகு எந்த வருடமும் படையலுக்கு முன்பு மிஷினில் புதுச் சாமையைப் போட வேண்டிய அவசரம் வந்ததில்லை. இந்த வருடம் கவுண்டரின் அண்ணன் இறந்துபோனார். கருமாதி முடியாமல் நாள் குறிக்க முடியாது. தீட்டு வீட்டில் போய்ச் சாமி காரியம் பேசக்கூடாது என்று நாங்களும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை காலை பெண்கள் வந்தார்கள். ஆனால் உள்ளே வராமல் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் அம்மா போய் ஏன் என்று கேட்டார். "சாமி காரியம்மா, இன்னும் படைக்கல" என்றார்கள். அவர் முதலில் நல்ல வார்த்தை சொன்னார். லாரி நேரத்துக்குப் போனால் எல்லாருக்கும் எவ்வளவு நல்லது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். யாரும் அசையவில்லை. அடுத்து, இந்த வாரம் வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு புடவை என்றார். பெண்கள் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருத்தியை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் போய், நீ வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று மெதுவாகப் பேசினார். ராஜா காரியம் சாதிக்க நாலு வழி என்று முந்தின மாதம்தான் எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார். இதமாகப் பேசுவது, கொடுப்பது, பிரிப்பது, தண்டிப்பது. என் கொழுந்தியாள் என் காதருகே குனிந்து, "மாமா, மூணு ஆய்டுச்சு. அடுத்தது அடியா?" என்றாள். அது மேனேஜர் அம்மாவின் காதிலும் விழுந்தது. முகம் சிவந்துவிட்டது. "நாலாவது எனக்கு வராது" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்ததை இன்றைக்கும் கேட்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒன்று கேட்டார். "சரி, உரல்ல குத்தக் கூடாது. மிஷின்ல போடறதும் குத்தறதா?" பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியை அதுவரை எங்களில் யாரும் கேட்டதில்லை. அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்க சொல்லுங்க. மிஷினை ஓட்டினா தப்பா, இல்லையா? நீங்க தப்புன்னா நான் ஓட்டச் சொல்ல மாட்டேன்."

மரத்தடியில் இருந்த அத்தனை கண்களும் என் மேல். மிஷின் உரலா இல்லையா என்று நான் அந்த நேரத்தில் யோசித்தேனா என்றால், சத்தியமாக எனக்கு நினைவில்லை. என் உதடு "தப்புங்க" என்றது. நம்பிச் சொன்னேனா, அந்தக் கண்களெல்லாம் என்னை விட்டுப் போனால் போதும் என்று சொன்னேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மேனேஜர் அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நோட்டை மூடினார். "வீட்டுக்குப் போங்க. படையல் முடிஞ்சு வாங்க" என்று பெண்களிடம் சொன்னார். சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று கீழே போன் பேசினார். நீண்ட நேரம் பேசினார். இறங்கி வந்தபோது என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "ரொம்ப நன்றிண்ணா. இதுக்குத்தான் உங்களை உக்கார வெச்சேன்" என்றார்.

லாரி வெறுமையாகக் கீழே போனது. கருமாதி முடிந்து, நாள் குறித்து, படையலும் முடிந்தது. அதற்குப் பிறகு மிஷினை இறக்கிக்கொண்டு போனார்கள். அதன் அடியில் இருந்த நாலு போல்ட்டையும் கழற்றிக் கொடுத்தது நான்தான். மேனேஜர் அம்மாவை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற நாளில் ஒவ்வொரு பெண்ணின் கையையும் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் கும்பிட்டேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

சில நாள் கழித்து ஊர்க் கவுண்டரைக் கொல்லைப் பக்கம் தனியாகப் பார்த்தேன். நடந்ததை எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா, சாவு வூடுன்னா எனக்குக் காது கேக்காதா? வாசல்ல நின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா ஆவாதா? முதல் படிய சாமிக்கு எடுத்து வெச்சிட்டு மிஷின ஓட்டுங்கடான்னு சொல்லியிருப்பனே. யாரு வாயில வெக்கப் போறாங்க?" என்றார். திரும்பி வருகிற வழியில் கொழுந்தியாளிடம் மட்டும் இதைச் சொன்னேன். "மில்லு போனப்புறம் யாரு வேணா சொல்லுவாங்க மாமா. அன்னைக்குக் கேட்டிருந்தா மூணு நாளு யோசிச்சிருப்பாரு" என்றாள். அவள் சொல்வதும் சரி என்று படுகிறது. கவுண்டர் பொய் பேசுகிறவர் இல்லை என்பதும் தெரியும். இரண்டில் எதை நம்புவது?

இப்போது அதே மிஷினைக் கீழே ஓட்டுகிறேன். விடியும்போது ஷேர் ஜீப் ஏறி இறங்குகிறோம், இருட்டிய பிறகு ஏறுகிறோம். பாதிப் பெண்கள்தான் வருகிறார்கள். கொழுந்தியாள் வருவதில்லை. அவள் மாமியாருக்குக் கண் தெரியாமல் போனபின் பொழுதோடு வீடு திரும்ப வேண்டும், ஜீப் அதற்கு ஒத்துவராது. இங்கே இருக்கிற மேனேஜர் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எல்லாம் கம்ப்யூட்டர் சொல்லும். வேலை ஒழுங்காகத்தான் நடக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் காலையில் மிஷினை ஓட விடுவதற்கு முன், யாராவது ஏதாவது சொல்லப்போகிறார்கள் என்று கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறேன்.

மேனேஜர் அம்மா எப்போதாவது போன் செய்வார். எல்லாருடைய பெயரையும் சொல்லி நலம் விசாரிப்பார். போன வருடம் பேசும்போது, தான் இப்போது பெரிய பெரிய கம்பெனி மேனேஜர்களுக்கு வகுப்பு எடுப்பதாகச் சொன்னார். "எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல உங்க கதைதாண்ணா. அஞ்சாவது படிச்ச ஒரு மந்திரி, எனக்கு முன்னாடி பயப்படாம தப்புன்னு சொன்னாரு, நான் கேட்டேன், பெரிய தப்புலேர்ந்து தப்பிச்சேன்னு சொல்லுவேன். எல்லாரும் கை தட்டுவாங்க." கவுண்டர் சொன்னதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. இல்லாத தைரியத்துக்கு யாரோ முன்பின் தெரியாதவர்கள் எங்கெங்கோ கை தட்டிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டால், அந்த அம்மா வேலை மாறிப் போனதற்கும் மில் இறங்கியதற்கும் அர்த்தமே இல்லை என்று ஆகிவிடுமே என்று பயம். சொல்லாவிட்டால் நான் யார்? உண்மையைச் சொல்வதற்காக உட்காரவைக்கப்பட்டவன்தானே.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார். மில் கேட்டுக்கு வெளியே போய் நின்று பேசினேன். வகுப்புக்குக் காத்திருப்பதாகச் சொன்னார். பின்னால் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். நான் அவரைப் பேசவிடவில்லை. என் வாழ்நாளில் ஒருவர் பேசும்போது நான் குறுக்கே பேசியது அன்றுதான். கவுண்டர் சொன்னது, கொழுந்தியாள் சொன்னது, அன்றைக்கு என் உதடு சொன்னது எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன். "எனக்குத் தெரிஞ்சு சொல்லலீங்கம்மா. எல்லாரும் பாத்தாங்க, அதான் சொல்லிட்டேன்" என்றேன்.

போன் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னும் பத்து நிமிஷத்துல உள்ள போகணும்ணா" என்றார் கடைசியில். "இவங்ககிட்ட இப்ப என்ன சொல்லட்டும்?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். "தெரியலீங்கம்மா" என்றேன்.

"அன்னைக்கும் தெரியலன்னே சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார்.

கோபமா, வருத்தமா, சிரிக்கிறாரா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. கேட்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் யாரோ அவரை "மேடம், வாங்க" என்று கூப்பிட்டார்கள்.