வெட்டாத மூன்றாவது குழி

என் மேசையின் அடி இழுப்பறையில் ஒரு பால்மாவு டப்பா இருக்கிறது. சைக்கிள் டியூபை வளையமாக அறுத்து அதன் மூடியைச் சுற்றி இறுக்கிப் போட்டிருக்கிறது. உள்ளே இரண்டு கைப்பிடி மண். வீடு மாறியபோதெல்லாம் இதை எறிந்துவிடலாமா என்று மனைவி கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். காரணத்தை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் பிற்பாதியில் நான் விழுப்புரத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். திண்டிவனத்தை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து மனு வந்தது. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் நாற்றம், குடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். கிணறு ஒருவருடையது. குடித்தவர்கள் அவருடைய பங்காளிகள், பதினோரு வீடு. கிணற்றுக்கு மேற்கே சாலையோரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. கிணற்றின்மேல் அவர் அந்த வருடம்தான் ஆயில் எஞ்சின் வைத்திருந்தார். கசிவு பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்தா, அவருடைய எஞ்சினிலிருந்தா என்று நான் சொல்ல வேண்டும்.

முறை எளிமையானது. எஞ்சின் கொட்டகை அருகே ஒரு குழி, நடுவில் ஒன்று, பங்க் வேலியோரம் ஒன்று. அடிமண்ணை எடுத்து முகர்ந்து பார்ப்பது, பிறகு பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்ப்பது. எந்தப் பக்கம் போகப் போக வாசனை ஏறுகிறதோ, கசிவு அந்தப் பக்கம். கிணற்றுக்காரரே கடப்பாரை பிடித்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர், வாய் ஓயாது. பெண்கள் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏன் கொழுந்தனாரே, தண்ணி எறைக்கற மிஷினுன்னு சொல்லி, வெளக்கெரிக்கற தண்ணி எறைக்கறியே!" என்றாள் அவருடைய அண்ணி.

"இரு அண்ணி, சார் பாத்துக்கினுதான் கீறாரு. எம்மேல தப்புன்னா எஞ்சினக் கழட்டி உன் வாசல்லயே போட்டுடறேன்."

என்னிடம் திரும்பி, "எஞ்சினுக்கு நான் ஊத்தறது குரூடாயிலு சார். கெணத்துல வர்றது வேற வாசன. மோந்து பாத்தாலே தெரியும்" என்றார். ரசாயனத்தில் பட்டம் வாங்கியவன் நான். அவர் சொன்னதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளவில்லை.

முதல் குழியில் வாசனை பலமாக இருந்தது. எஞ்சின் கொட்டகைத் தரையில் அது இல்லாமல் எப்படி? நடுக்குழியில் சுக்கான் கல் குறுக்கிட்டது. அதை உடைக்கவே நாலு மணியாகிவிட்டது. லேசான வாசனைதான் கிடைத்தது. ஐந்து மணிப் பாசஞ்சரை விட்டால் அடுத்த வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். எனக்குக் களைப்பு, பசி. வேறு காரணம் எதுவும் இல்லை. பங்க்காரர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. "மூணாவது தேவையில்லை" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். கிணற்றுக்காரர் கடப்பாரையை ஊன்றியபடி நின்றார்.

மறுநாள் அறிக்கை எழுதும்போது மூன்றாவது குழிக்கான கட்டம் காலியாக இருந்தது. மேலதிகாரி திருப்பி அனுப்புவார் என்று தெரியும். 'வாசனை இல்லை' என்று எழுதினேன். அந்த இரண்டு வார்த்தையால் கணக்கு நேராகிவிட்டது. எஞ்சினருகே பலம், நடுவில் லேசு, பங்கருகே ஒன்றுமில்லை. கசிவு எஞ்சினிலிருந்து என்று முடித்தேன்.

ஊர் மணியக்காரர் அந்த அறிக்கையைத் தெருவில் நின்று படித்துக் காட்டியிருக்கிறார். மூன்றாவது குழி வெட்டவே இல்லை என்று கிணற்றுக்காரர் கத்தியிருக்கிறார். சர்க்கார் காகிதம் பொய் சொல்லுமா என்று கேட்டிருக்கிறார்கள். இதெல்லாம் பத்து நாள் கழித்து அவரே என் அலுவலகத்துக்கு வந்து சொன்னது. கையில் இந்த டப்பா இருந்தது.

"நீங்க வெட்டாத குழிய நானே வெட்டிட்டேன் சார். மோந்து பாருங்க."

வளையத்தைக் கழற்றித் திறந்தேன். பெட்ரோல். சந்தேகத்துக்கே இடமில்லை. வாசனை போய்விடாமல் டியூப் போட்டு அடைக்க அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அன்று நான் எடுத்துப்போன பாட்டில்களின் தக்கைகள்கூட அவ்வளவு இறுக்கமாக இல்லை. மூடியை மூடிவிட்டு, "பெட்ரோலை நீங்களே ஊற்றிக் கொண்டுவந்திருந்தால்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "பெட்ரோல் ஊத்த எங்கிட்ட இன்னா காரா கீது?"

பிறகு சிரிப்பு நின்றது. டப்பாவை என் மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனார். அறிக்கையைத் திருத்த ஒரு கடிதம் போதும். அதில் முந்தையது பொய் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். நான் எழுதவில்லை.

அறுபதுகளின் நடுவில் வேறு வேலையாகத் திண்டிவனம் போனேன். அந்தப் பங்கில் புதுத் தொட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பழையது சாலையோரம் கிடந்தது. அடிப்பக்கம் துருவேறிச் சல்லடையாகியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிணற்றுக்காரர் வந்தார். எஞ்சினை எப்போதோ விற்றுவிட்டாராம், நாற்றம் போகவில்லையாம், கிணற்றை யாரும் தொடுவதில்லையாம். தண்ணீரைக் கெடுத்தவன் வீடு என்று பங்காளிகள் நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"பங்காளிங்ககிட்ட இந்தத் தொட்டியக் காமிச்சிட்டேன் சார். இது இப்பத் துருப்புடிச்சது, அப்ப சர்க்காரே குழி வெட்டிப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிச்சேன்றாங்க. ஒரே ஒரு தபா எங்க தெருவுக்கு வந்து சொல்லிட்டுப் போங்க. பேப்பரு வாணாம். வாயால சொன்னா போதும்."

தெரு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அடுத்த வாரம் வருவதாகச் சொன்னேன். அப்போது எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. அடுத்த வாரம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. அவர் இறந்துவிட்ட செய்தி, நான் ஓய்வு பெற்ற பிறகு வேறொரு பேச்சினிடையே காதில் விழுந்தது.

போன மாதம் டப்பாவைத் திறந்தேன். ரப்பர் வளையம் கையோடு பொடிந்து வந்தது. மண் இறுகி வெடித்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் இல்லை. வெறும் மண்தான். இன்று இதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டினாலும் நிரூபணம் ஆகாது. அதனால் சொல்கிறேன். கிணற்றைக் கெடுத்தது அவருடைய எஞ்சின் அல்ல. மூன்றாவது குழியை நான் வெட்டவில்லை. வெட்டியவர் அவர், இது அந்தக் குழியின் மண். அவர் கேட்டது வாயால் ஒரு வார்த்தை. நான் இதையும் பேப்பரில்தான் எழுதுகிறேன்.