திருக மறந்த சுருள்

படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று, என் உள்ளங்கை அளவுக் காமிராவைக் கண்டாலே என் மனைவி முகத்தை மூடிக்கொள்வாள். காசநோய் முற்றிய பிறகு, எங்கள் கம்பம் ஊரில் கோயில் திருவிழா நடந்த நாளில் அவளே கூப்பிட்டாள்.

"இனிமே கொறைய என்ன கெடக்கு? புடிங்க. ராத்திரி கோபுர வெளக்கையும் புடிச்சாந்து காட்டுங்க."

பிடித்தேன். கண் கலங்கியதில், அடுத்த படத்துக்குப் பிலிம் சுருளைத் திருக மறந்துவிட்டேன். இரவு காமிராவை மதில்மேல் வைத்து, நூறு எண்ணும்வரை அதன் கண்ணைத் திறந்துவைத்துக் கோபுரத்தை எடுத்தேன். எத்தனையாவது படம் என்று காட்டும் சுருளின் எண் இருட்டில் தெரியவில்லை. திருகியிருப்பேன் என்றே நம்பினேன்.

மதுரையில் கழுவிய படம் வந்து சேருமுன் அவள் போய்விட்டாள். இரண்டும் ஒரே படத்தில் விழுந்திருந்தன. அவள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் விளக்குகள்.

இப்போதெல்லாம் எடுத்த கையோடு சுருளைத் திருகிவிடுகிறேன். கோபுரம் மட்டும் தெளிவாகவே விழுகிறது.