கடைசி ஸ்டாப்புக்கு அப்புறம்

என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு, பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியவர். கால் கொஞ்சம் நடைக்கு வந்தது, வாய் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் சொல் அகப்படவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் "ஆ... ஆ"தான், வேட்டி நழுவினாலும் "ஆ... ஆ"தான்.

முப்பத்தோரு வருஷம் அந்த மனுஷனோடு சண்டை போட்டே வாழ்ந்தவள் நான். சண்டைக்கு ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திருவரங்குளத்தில் தெருக் கடைசியில் எங்கள் வீடு. மகன் குவைத்தில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் வந்து "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்பான். "இருக்காருப்பா" என்பேன். அதற்கப்புறம் அடுத்த வெள்ளி வரைக்கும் எனக்கு நான்தான். "ரசத்துல உப்பு தூக்கலா?" என்று கேட்டுவிட்டு, "ஆமா, தூக்கல்தான்" என்று நானே பதில் சொல்லிக்கொள்வேன். ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கே பயமாகிவிட்டது. அந்த வாயிலிருந்து எனக்கென்று ஒரு சொல் வந்தால் போதும், திட்டாக இருந்தாலும் சரி என்று அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். இன்ன ராகத்தைக் காலையிலிருந்து கேட்கவைத்தால் பக்கவாதம் பறந்துபோகும் என்று அதில் ஒருவர் அடித்துப் பேசினார். கூடவே ஒரு ஸ்பீக்கரும் கொரியரில் வந்து சேர்ந்தது. விடுவேனா? கட்டில் தலைமாட்டில் வைத்து, விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஓட விட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். கண்ணில் நீர் வழியும். "கண்ணுல தண்ணி வருதுடா, வேலை செய்யுது" என்று மகனிடம் பெருமையாகச் சொன்னேன். ஒருநாள் இடது கையால் ஸ்பீக்கரைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டார். "ஒங்களுக்காகத்தானே இந்தப் பாடு படுறேன்! கொஞ்சமாச்சும் நன்றி இருக்கா ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டு, எடுத்துத் துடைத்து மறுபடியும் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்று மாத்திரை வாங்கப் போன இடத்தில் தற்செயலாகத்தான் தெரிந்தது. அதுவரை எங்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போனேன். ராகக் கதையைக் கேட்டுவிட்டு அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அவருக்குப் பாட்டு பிடிக்குமாம்மா? என்ன வேலை பாத்தாரு?"

"பிரைவேட் பஸ்ல கண்டக்டர். புதுக்கோட்டை - பொன்னமராவதி ரூட்டு."

சொல்லி முடிக்கும்போதே எனக்குத் திக்கென்றது. இருபத்தெட்டு வருஷம் தலைக்கு மேலே ஸ்பீக்கர் அலறும் பஸ்ஸில் நின்றவர். வீட்டில் டிவி சத்தம் கொஞ்சம் கூடினாலும், "வீட்டுலயாச்சும் காதுக்கு ரெஸ்ட் குடு" என்று கும்பிடுவார். அந்த மனுஷனைப் படுக்கவைத்து, நாள் முழுக்கப் பாட்டைக் காதில் ஊற்றியிருக்கிறேன். நிறுத்து என்று சொல்ல அவருக்கு வாயில்லை. அடிப் பாவி, நீயெல்லாம் ஒரு பெண்டாட்டியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

"விடுங்கம்மா, தெரியாமச் செஞ்சது" என்றாள் அந்தப் பெண். "கேக்குற பாட்டவிட, அவரா பாடுறதுதான் இதுக்கு உதவும். பேச்சு இருக்குற எடத்துலதான் அடி. ராகம் மூளையில வேற எடத்துலயும் இருக்கு. அந்த வழியா வார்த்தையக் கூட்டியாரப் பாக்குறோம். மந்திரமெல்லாம் இல்ல. மாத்திரைய நிறுத்தாதீங்க, முழுசா வரும்னும் சொல்ல மாட்டேன். அவரு தெனமும் ராகமா சொன்னது ஏதாச்சும் இருக்கா?"

என்ன இருக்கிறது? ஸ்டாப் பெயர்தான். அந்தச் சின்ன அறையில், வெட்கத்தை விட்டு நான்தான் இழுத்தேன். "நமணசமுத்ரம்... நச்சாந்துபட்டி..." அவள் அவருடைய இடது கையைப் பிடித்து மேசையில் தாளம் தட்டவைத்தாள். மூன்றாம் தடவை, "பனையப்பட்டி" என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "...பட்டி, குழிபிறை, பொன்னமராவதீ!" வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ் எங்கே நிற்கிறது என்று தேடியிருப்பார்களோ என்னவோ.

அப்புறம் வாரம் ஒருமுறை அங்கே, மற்ற நாளெல்லாம் வீட்டில். அதே இழுவையில் "தண்ணி வேணும்" வந்தது, "வலிக்குது" வந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தண்ணி வேணும் என்பதை அவர் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். என்னைக் கூப்பிட அவரிடம் சொல் இல்லை.

"ஒங்கள எப்படிம்மா கூப்பிடுவாரு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இந்தா-ன்னுதான்."

"பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரா?"

எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும் இடத்தில்கூட ரேஷன் கார்டைத்தான் நீட்டினேன். அவரும் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. "இந்தா" என்பதோ வெடுக்கென்று முடிந்துவிடும் சொல், எவ்வளவு பழகியும் ராகத்துக்குள் நிற்கவில்லை. "அப்ப பேரையே பழக்குங்க" என்றாள் அவள், சர்வ சாதாரணமாக. நானாவது, என் பெயரை நானே பாடுவதாவது! பதினைந்து நாள் ஒத்திப்போட்டேன்.

ஒரு மத்தியானம், சாப்பாடு ஆனபிறகு, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இடது கை கட்டில் சட்டத்தில் தட்ட, அவராகவே புதுக்கோட்டையில் கிளம்பிப் பொன்னமராவதி வரை போய்விட்டு நிறுத்தினார். அதற்கு மேல் ரூட் இல்லை. வீடு மறுபடி அமைதியாகிவிட்டது. அந்த அமைதி தாங்காமல்தான், அதே இழுவையில், பொன்னமராவதிக்கு அடுத்த ஸ்டாப்பாக என் பெயரைச் சொன்னேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கை இரண்டு தட்டு தட்டியது. பிறகு சொன்னார். முதல் எழுத்தில் திக்கி, கடைசி எழுத்தை நீட்டி, என் பெயரை. முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. அதை இங்கே எழுத மாட்டேன்.

சொன்ன வேகத்தில், கண்டக்டர் பழக்கம், "எறங்கு... எறங்கு..." என்றும் வந்துவிட்டது.

"நான் எறங்கலைங்க" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டத்தில் ஒரு தட்டு தட்டி, புதுக்கோட்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.