செடியை நம்பி மோட்டாரை நிறுத்தினேன்

செடி இருந்தால் மீன்தொட்டிக்கு மோட்டார் தேவையில்லை என்று நம்பியவன் நான். கைப்பேசியில் பார்த்த ஒரு வீடியோதான் குரு. மீனின் கழிவைச் செடி சாப்பிடும், செடி விடும் காற்றை மீன் குடிக்கும், நடுவில் மனிதனுக்கு ஒரு வேலையும் இல்லை என்றார்கள். கடைசிப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

தொட்டி என் மகளுடையது. கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது ஆரஞ்சு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டு தங்கமீன்களை என்னிடம் ஒப்படைத்துப் போனாள். கறுப்புக்குக் கண் சரியாகத் தெரியாது, தீனியை அதன் மூக்குக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்று பேருந்து ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் முதலில் மீன்களைப் பார்ப்பாள், அப்புறம்தான் என்னை.

துறைமுகத்தில் கப்பல் சரக்கு விடுவிக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. மலை மாதிரி நிலக்கரி வந்தாலும் அலட்டிக்கொள்ளாமல் அனுப்பிவைப்பேன். மதியத் தூக்கத்தைக் கெடுக்கும் அந்தச் சின்ன மோட்டார் சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. கடையில் நாடா மாதிரி நீள இலைச் செடிகளாகப் பார்த்து வாங்கி வந்து நட்டேன். மோட்டாரைக் கழற்றி, தண்ணீரை வடிகட்டும் அதன் பஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவி மாடியில் காயவைத்தேன்.

எங்கள் ஊர் வீடுகளில் இரண்டு தண்ணீர். குழாயில் என்றைக்கோ வரும் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மற்றதற்கெல்லாம் சோப்பு நுரைக்காத, உப்புக் கரிக்கும் போர் தண்ணீர். மீன்கள் அந்த உப்பிலேயே வளர்ந்தவை, செடிக்கு மட்டும் என்ன வந்தது என்று விட்டுவிட்டேன். கடற்கரையில் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றிச் சந்தேகம் வருமா?

சில நாளில் இலைகள் வதக்கிய வெங்காயம் போலக் கண்ணாடியாயின. புதுத் தளிர் விடப்போகிறது என்று மனைவியிடம் விளக்கினேன்.

அந்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து வந்து பார்த்தால், இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பசி என்று நினைத்துக் கைநிறையத் தீனி போட்டேன். கொஞ்ச நேரத்தில் கறுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விசிறியை எடுத்துத் தண்ணீருக்கு வீசினேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன், அதையும் சத்தமாக.

அடுக்களையில் சீலா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அந்த மீனுக்கு நேந்துக்கிட்டீய, சரி," என்றாள் மனைவி. "இந்தச் சட்டியில கெடக்கதுக்கு யாரு நேந்துக்கிடுதா?"

வேறொரு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். செடி வாங்கிய மீன்தொட்டிக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"போர் தண்ணியில அந்தச் செடி கரைஞ்சிரும் அண்ணாச்சி. கரைஞ்சா அதுவும் கழிவுதான. மோட்டார் ஓடுதுல்லா?"

நான் மாடிப் படியைப் பார்த்தேன்.

"ஓடுதுல்லா, அண்ணாச்சி?"

அழுகிய செடிகளை அள்ளி எறிந்தேன். அவர் சொன்னபடி பாதித் தண்ணீரை மாற்றினேன். மாடிக்கு ஓடி, காய்ந்து கருவாடாகியிருந்த பஞ்சை எடுத்து வந்து மோட்டாரை மாட்டினேன். கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் அந்தப் பஞ்சில்தான் குடியிருந்தனவாம். அவை திரும்பி வர வாரக்கணக்காகும் என்றார். மோட்டார் குமிழி விட்டது. கறுப்பு நிமிரவில்லை. உள்ளங்கையால் தாங்கி நிமிர்த்திப் பிடித்தேன். கையை எடுத்ததும் சாய்ந்தது.

அப்போதுதான் மகளின் அழைப்பு வந்தது.

"கறுப்பு சாஞ்சு படுத்து டிவி பாக்குதும்மா," என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"அப்பா, சும்மா இருங்க. போனைக் கிட்டக் கொண்டு போங்க."

கொண்டுபோனேன். அங்கே அவளும் இங்கே நானும் ஒரே மீனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி, கூப்பிடாமல் என் பக்கத்தில் நின்றாள்.

கறுப்பு மீன் மறுநாள் காலையில் செத்துப்போனது. ஆரஞ்சு பிழைத்துக்கொண்டது. மோட்டார் ஓடுகிறது.