வேலியில் கட்டிய நீலச் சேலை

பிள்ளைகளே, நேற்று நீங்கள் இருவரும் நம் வீட்டு வேலியிலிருந்து அவிழ்த்துச் சுருட்டி வைத்த நீலச் சேலை இப்போது என் மடியில் இருக்கிறது. வெயிலில் வெளுத்து, ஓரமெல்லாம் கிழிந்து, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. கூடப் படிக்கிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றீர்கள். திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இது யாருடைய சேலை என்று சொல்லத்தான்.

கோந்த்வா ஊரைத் தாண்டி, குன்றுச் சரிவில் இருக்கும் இந்தத் தோட்ட பங்களாவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது உங்களில் மூத்தவள் கைக்குழந்தை. என்னோடு வேலை பார்த்த மராத்திக்காரப் பெண் என்னைவிட இரண்டு வயது சின்னவர்தான். ஆனாலும் எல்லாருக்கும் அவர் மாவ்ஷி, நம்மில் சித்தி என்பதுபோல. என்னை அண்ணா என்பார். இங்கே தெற்கிலிருந்து வந்தவன் எவனும் அண்ணாதான். பங்களா முதலாளி சாஹேபின் ரோஜாக்களை மான் மேயாமலிருக்க, சுற்றிலும் ஆடாதோடை நட்டிருந்தோம். அந்தக் கசப்புக்கு மான் வாய் வைக்காது. ஆனால் அது அடர்ந்து வளர இரண்டு மழைக்காலமாவது ஆகும். அதுவரைக்கும் மாவ்ஷி தன் பழைய சேலைகளைக் கம்புகளில் சுற்றிக் கட்டியிருந்தார். "காத்துல ஆடுறப்ப ஆள் நிக்கிற மாதிரி இருக்கும் அண்ணா, மான் விலகிப் போயிடும்" என்பார்.

சாஹேப் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. யாரும் சொல்லாமலே சேலைகளை அவிழ்த்துச் சாக்கில் திணித்தேன். செடிகளுக்குள் மெல்லிய கம்பியை இழுத்து, முறுக்கிக் கட்டினேன். வெளியே தெரியவே இல்லை. எனக்கு ஒரே பெருமை. மாவ்ஷி பார்த்துவிட்டு, "நமக்கே தெரியலை, மானுக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கீங்களா?" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் விடிகாலை ஒரு பெண்மான் பின்னங்கால் கம்பியில் சிக்கிக் கிடந்தது. துள்ளத் துள்ளக் கம்பி இறுகியது. செத்தால் வனத்துறை வழக்கு, வேலை போகும், கைக்குழந்தையோடு எங்கே போவேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். குறட்டோடு ஓடினேன். "வெட்டாதீங்க. தெறிச்சு வயித்தைக் கிழிச்சிடும். கட்டின இடத்துல அவிழுங்க" என்றபடி மாவ்ஷி சாக்கிலிருந்து இந்த நீலச் சேலையை உருவி, மானின் தலைமேல் போட்டு, கழுத்தை அணைத்துப் படுத்துக்கொண்டார். கண் மறைந்ததும் துள்ளல் நின்றது. விலா மட்டும் ஏறி இறங்கியது. பலத்தையெல்லாம் காட்டி நானே போட்ட முறுக்கு. ஒவ்வொரு சுற்றாகத் திருப்பினேன். வியர்த்த கையில் குறடு வழுக்கியது. கம்பி லேசாகக் கிரீச்சிட்டாலே மானின் உடம்பு விறைத்தது. மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. கடைசிச் சுற்றும் விட்டதும் காலிலிருந்து கம்பியை விலக்கினேன். மாவ்ஷி சேலையை எடுத்தார். மான் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, பிறகு எழுந்து, மூன்று காலில் சரிவேறிப் போயிற்று. பிழைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாவ்ஷி வேலியின் வெறும் கம்புகள் பக்கம் நடந்தார். சேலையை உதறி ஒரு முனையை நீட்டினார். "பிடிங்க அண்ணா."

அந்த வேலி இன்று ஆள் உயரம். மாவ்ஷி இந்தச் சேலையை என்னிடம் விட்டுவிட்டு மகனோடு சாகண் ஊருக்குப் போய்விட்டார். நம் வீட்டுக்குப் பின்னால் இந்த வருடம் நட்ட ஆடாதோடையோ முழங்காலுக்குக்கூட வரவில்லை. சாயங்காலம் இந்தச் சேலையைத் திரும்பக் கட்டப் போகிறேன். நீங்கள் அவிழ்த்ததில் கோபமில்லை. நானும் வெட்கப்பட்டு அவிழ்த்தவன்தான். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வாருங்கள்.