பாய் விற்க மறுத்த டயர்

அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பிரசவம் பார்க்கும் தாதியாக இருந்தேன். வீடு சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். நான் போய்ப் பார்க்க வேண்டிய தாய்மார்கள் இருந்ததோ செம்பவாங், உட்லண்ட்ஸ் என்று தீவின் மறு கோடியில். பஸ்ஸை நம்பிப் புறப்பட்டால் எனக்கு முன்னால் குழந்தை வந்துவிடும். அதனால், இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒருவரிடமிருந்து ஒரு பழைய சின்னக் காரை வாங்கினோம். ஓட்டக் கற்றுக்கொண்டது நான்தான். என் கணவருக்குத் தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் வேலை. தனக்குச் சைக்கிள் போதும் என்று சொல்லிவிட்டார்.

ஒரு வருடத்துக்குள் முன்பக்கத்து டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. மழை பெய்தால் கார் தன் இஷ்டத்துக்குப் போகும். புது டயர் எங்கள் சக்திக்கு மீறியது. ஏற்கெனவே ஓடிய டயர் இரண்டு வாங்கலாம் என்று ஜாலான் புசார் பக்கம் ஒரு பாய் கடைக்குப் போய், வாசலில் காரை நிறுத்தினேன். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. டயர் அடுக்குகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கடை வாசலிலேயே இரண்டு டயர்கள் இருந்தன. என் காரின் அளவுதான். மேலே இருக்கும் கட்டங்கள், பட்டன் என்பார்களே, ஆழம் குறையாமல் அப்படியே இருந்தன. மை பூசியதுபோல் கறுப்பு. "இதைக் குடுங்க பாய்" என்றேன்.

"அது உங்களுக்கு வேணாம் மிஸ்ஸி" என்றார். தாதிகளை அப்போது எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "பட்டன் இருக்குது, ரப்பர் செத்துப்போச்சு. வருஷக்கணக்கா எங்கேயோ சும்மா கெடந்தது. தள்ளுவண்டிக்குக் கேட்டா குடுப்பேன், காருக்குக் குடுக்க மாட்டேன்."

"அப்ப வேற என்ன இருக்கு?"

"உங்க அளவுல இப்போ புதுசுதான் இருக்கு. பழசு நல்லதா வந்தா எடுத்து வைக்கிறேன். கொஞ்சம் பொறுங்க லா" என்று சிங்கப்பூர்ப் பேச்சில் இழுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. புதுசைத் தலையில் கட்டப் பார்க்கிறார், பெண்பிள்ளைக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைக்கிறார் என்று தோன்றியது. "விக்க இஷ்டம் இல்லேன்னா சொல்லிடுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சுங்கை ரோட்டில் இன்னொரு கடையில் அதேபோல் பளபளப்பான ஜோடி கிடைத்தது. அந்தக் கடைக்காரர் எதுவும் மறுக்கவில்லை. மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, என்னை ஏமாற்றப் பார்த்த பாயின் கதையைக் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் டயரைச் சுற்றிவந்து பார்த்து, "புதுசு மாதிரியே இருக்கே" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

சில வாரங்கள் கழித்து, செம்பவாங்கில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருப்பதாக ஆள் வந்து சொன்னார். தலைப்பிரசவம். அவள் கணவருக்குக் கப்பல் பட்டறையில் கூலி வேலை. நான் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தையின் தலை கீழே இல்லை, மேலே இருந்தது. இதை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது. அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்து, அவள் கணவரை முன்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன்.

நல்ல பகல் நேரம். அப்பர் தாம்சன் ரோட்டில், இரண்டு பக்கமும் மரங்கள் அடர்ந்த இடத்தில், டமார் என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் இழுத்தது. எப்படிப் பிடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கார் புல்லில் இறங்கி, பெரிய கால்வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பின்னால் அந்தப் பெண் கத்தவில்லை. "மிஸ்ஸி, என்ன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த நிதானம்தான் என்னை உலுக்கியது. இறங்கிப் பார்த்தேன். டயரின் பக்கச்சுவர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிந்த ஓரத்தை விரலால் தொட்டேன், காய்ந்த தோல்போல் பொடிந்தது. மேலே பட்டன்கள் மட்டும் ஜோராக இருந்தன.

மாற்று டயர் போட அரை மணி நேரமாவது ஆகும். அவளுக்கு வலி நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்தது. நான் ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். காய்கறி ஏற்றி வந்த ஒரு லாரி நின்றது. ஓட்டியவர் ஒரு சீனர். காருக்குள் எட்டிப் பார்த்தார். "நாயிக், நாயிக்!" ஏறு, ஏறு என்று மலாயில் அவசரப்படுத்தியபடியே முன்சீட்டிலிருந்த கீரைக் கூடைகளை அவரே இறக்கிப் புல்லில் வைத்தார். முன்சீட்டில் அவளும் நானும், பின்னால் மிச்சக் கூடைகளோடு அவள் கணவரும். அந்த மனிதர் குழி மேட்டைப் பார்த்துப் பார்த்து, எண்ணெய்க் குடம் சுமப்பவர்போல் ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கீரையைத் தேடித் திரும்பிப் போய்விட்டார்.

ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். வெளியே காத்திருந்த தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும் மிஸ்ஸி!" என்று அழுதுவிட்டார். நான் கையை விடுவித்துக்கொண்டேன். அந்த நன்றியை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. "வேண்டாம்னு ஒருத்தர் சொன்ன டயரை நான்தான் வீம்புக்கு வாங்கிப் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த தடவ டயர் வாங்கப் போறப்ப என்னையும் கூப்பிடுங்க" என்றார். அதில் கோபம் இருந்ததா, ஆறுதல் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

மறுநாள் மாற்று டயர் போட்டுக் காரை எடுத்துக்கொண்டு, கிழிந்த டயரோடு பாய் கடைக்குப் போனேன். உள்ளே நுழையவே கால் கூசியது. அவர் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல பாய். அன்னைக்கு நான் உங்கள தப்பா..."

அவர் கையை ஆட்டி நிறுத்திவிட்டு உள்ளே போனார். இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். பட்டன் பாதி தேய்ந்தவை. பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டின் மேலும் சுண்ணக்கட்டியால் என் கார் நம்பர் எழுதியிருந்தது.

"நீங்க போன மறுவாரமே வந்துச்சு. ரெண்டு பேர் கேட்டாங்க, குடுக்கல. கோவமா போனாலும் வண்டிக்கு டயர் வேணும்தானே? நகத்த வச்சு அழுத்திப் பாருங்க, ரப்பர் உயிரோட இருக்கு."

அழுத்தினேன். நகத்தின் தடம் பதிந்து, மெல்ல மறைந்தது.

அந்த டயர்கள் நெடுநாள் ஓடின. அதன் பிறகு எத்தனையோ கடைகளில் எத்தனையோ பொருள் வாங்கியிருக்கிறேன். என் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்பவரிடம் உடனே கோபம் வருகிற குணம் எனக்கு முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் வாயைத் திறக்குமுன், நான் கோபித்துக்கொண்டு போன பிறகும் எனக்காக ஒரு மனிதர் குனிந்து என் கார் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார் என்ற நினைப்பு வந்து என்னைப் பேசவிடாமல் தடுத்துவிடுகிறது.